மூன்று லட்சத்தில் சமையலறை: பணத்தை முதலில் சுவருக்குள் போடுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தாம்பரம் பக்கம் 2001-இல் கட்டிய தனி வீடு. பத்துக்கு எட்டு அடிச் சமையலறை. ‘ட’ வடிவத்தில் மேடை, அதன் கீழே கடப்பா கல் தட்டுகள். சிங்க்குக்குப் பின்புறச் சுவரில் எப்போதும் ஈரம். மாடுலர் கிச்சன் கடையில் கணினியில் படம் போட்டுக் காட்டி 4 லட்சத்து 20 ஆயிரம் என்றிருக்கிறார்கள். கையில் இருப்பதோ 3 லட்சம். எதைக் குறைப்பது, மீதிக்குக் கடன் வாங்கலாமா, முழங்கால் வலியுள்ள மாமியாருக்கு என்ன வசதி செய்வது, ஆடி மாதத்தில் வேலையைத் தொடங்கலாமா?

நான் கட்டடப் பொறியாளன். இருபது வருடங்களுக்கு மேலாகச் சென்னைப் புறநகரில் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. கீழே நான் சொல்லும் விலைகள் நடுத்தரத் தரத்துக்கு ஆகும் தோராயக் கணக்கு. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் ஏறும், இறங்கும். தொகையைவிட எது எதற்கு எவ்வளவு பங்கு என்பதைப் பாருங்கள்.

அந்த 4 லட்சத்து 20 ஆயிரத்தை முதலில் பார்த்துவிடுவோம். அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? பெரும்பாலும் ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று இருக்கும். 18 சதவீதம் சேர்த்தால் அது 4 லட்சத்து 95 ஆயிரத்து 600. அதற்குக் கீழே கிரானைட் சேராது, சிங்க் சேராது, குழாய் சேராது, மின்வேலை சேராது, பழையதை இடிப்பது சேராது என்று ஒரு பட்டியல் நிச்சயம் இருக்கும். ஆக, அவர்கள் உங்களுக்கு விலை சொன்னது சமையலறைக்கு அல்ல, கதவு போட்ட பெட்டிகளுக்கு. சமையலறைக்கு என்று பார்த்தால் ஆறு, ஆறரை லட்சம் ஆகும். உங்கள் 3 லட்சத்துக்கும் அவர்களுடைய கணக்குக்கும் இடைவெளி 1 லட்சத்து 20 ஆயிரம் இல்லை, அதைப்போல் இரண்டரை மடங்காவது இருக்கும். எனவே அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதை வெட்டலாம் என்று தேடாதீர்கள். வேறு தாளில் முதலிலிருந்து எழுதுவோம்.

எழுதும்போது நான் பின்பற்றும் வரிசை ஒன்றுதான். திரும்ப உடைக்காமல் மாற்ற முடியாத எதுவோ அதற்கு முதலில் பணம். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஒயரிங், சுவர்ப்பூச்சு, டைல்ஸ், மேடை எல்லாம் அந்த வகை. கதவு, கூடை, சிம்னி, பரணுக்கு மூடி ஆகியவற்றை அடுத்த தீபாவளி போனஸில்கூட வாங்கிப் பொருத்தலாம். ஊரில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். பளபளக்கும் கதவுக்குப் பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, ‘குழாய் இப்போதைக்கு ஓடுகிறதே, இருக்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் ஒரு முறை அப்படி விட்டவன்தான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் நான், 2014-இல் என் வீட்டுச் சமையலறைக்கு ஒரு நிறுவனத்திடம் மாடுலர் வேலை கொடுத்தேன். பழைய கழிவுக் குழாயை மாற்றவில்லை. ஒன்றரை வருடத்தில் சிங்க்குக்குக் கீழே சொட்டிய தண்ணீர் பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) ஏறி, ஊறவைத்த ரஸ்க் போல அது உப்பிவிட்டது. உத்தரவாதச் சீட்டை எடுத்துப் பார்த்தால் ‘நீரால் ஏற்படும் சேதத்துக்குப் பொருந்தாது’ என்றிருந்தது. சமையலறையில் வேறு எதனால் சேதம் வரும் என்று கேட்டேன். பதில் இல்லை.

உங்கள் சுவர் ஈரத்துக்கு வருகிறேன். 2001-இல் கட்டிய வீடென்றால் சுவருக்குள் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே துரு ஏறி, அரை அங்குலக் குழாய் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். போர் தண்ணீர் என்றால் உப்பும் சேர்ந்து படிந்திருக்கும். இதற்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் ஈரம் மறையும், போகாது. சமையலறைக்குள் வரும் குழாய் முழுவதையும் துருப்பிடிக்காத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயாக மாற்றுங்கள். மாற்றியதும் எல்லா முனைகளையும் அடைத்து, தண்ணீரை நிரப்பி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுப் பார்த்த பிறகுதான் பூச்சு. கழிவுக் குழாய் பத்தடிக்கு மூன்று அங்குலமாவது சரிவாக இருக்க வேண்டும். தண்ணீர் சுத்திகரிப்பான் வைப்பவர்களுக்கு அதன் கழிவு நீருக்குத் தனி முனை. இதை மறந்துவிட்டுப் பிறகு சிங்க்குக்குள் மெல்லிய குழாயைத் தொங்கவிடாத வீட்டை நான் பார்த்ததில்லை. சிங்க்கை ஜன்னலுக்குக் கீழே மாற்ற ஆசையாக இருக்கும். அதனால் கழிவுக் குழாய் போகும் சுவரே மாறுமென்றால், அந்த ஒரு ஆசைக்குப் பதினைந்தாயிரம் கூடும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வாஸ்துக்காக அடுப்பையே வேறு மூலைக்கு நகர்த்துவதும் இதே கதைதான். நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை, செலவை மட்டும் சொல்கிறேன். உங்கள் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை. பிளம்பர் கூலி, பொருள், சுவர் வெட்டு எல்லாம் சேர்த்து 22 ஆயிரம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒயரிங். உங்கள் வீடு கட்டிய நாளில் சமையலறைக்கு ஒரு மிக்சி, ஒரு கிரைண்டர், ஒரு பிரிட்ஜ் என்று நினைத்து ஒயர் இழுத்திருப்பார்கள். இன்று 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 1,500 வாட் கெட்டில் இன்னொரு 6.5 ஆம்பியர். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு, பக்கத்தில் 750 வாட் மிக்சியில் சட்னியும் அரைத்தால் பழைய ஒயர் தாங்காது. மெயின் பெட்டியிலிருந்து சமையலறைக்கென்று 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன், அதற்குத் தனி எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்). இது கட்டாயம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் இடம் இது. பிளக் எங்கெங்கே வேண்டும் என்பதை எலெக்ட்ரீஷியனிடம் விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்கு ஊறவைப்பதில் தொடங்கி மதியச் சமையல் முடியும்வரை எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று சாக்பீஸால் சுவரிலேயே குறியுங்கள். கிரைண்டருக்கு மேடையில் இடம் ஒதுக்காமல் படம் போடும் வடிவமைப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவ்வளவு கனமான கருவியை ஒவ்வொரு முறையும் அலமாரியிலிருந்து தூக்கி வைப்போம் என்று அவர்கள் நினைக்கிறார்கள் போலும். மின்வேலைக்கு 20 ஆயிரம்.

இடிப்பதற்கு இரண்டு நாள் கூலியும், இடிபாடு ஏற்ற ஒரு வண்டியும் சேர்த்து 12 ஆயிரம். இதைக் கேட்டு எல்லோரும் திடுக்கிடுவார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். மேஸ்திரி ‘இடிபாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் எங்கே கொட்டப் போகிறார் என்று கேளுங்கள். ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தால் பிடிபடுவது அவர் அல்ல, உங்கள் முகவரி.

டைல்ஸில் கணக்கு சுலபம். தரை 80 சதுர அடி. சுவருக்கு, மேடைக்கு மேல் இரண்டடி மட்டும் ஒட்டுவது பழைய வழக்கம். அதாவது 18 அடி நீளத்துக்கு 36 சதுர அடி. பரணின் அடிவரை, ஏறக்குறைய நாலேகால் அடி ஒட்டினால் 76 சதுர அடி வரும். கூடும் 40 சதுர அடிக்கு டைல்ஸும் கூலியும் சேர்த்து நாலாயிரம், ஐந்தாயிரம்தான். தாளிக்கும் எண்ணெய் பெயின்ட்டில் படிந்து மஞ்சளாவதை நினைத்தால் இது லாபமான செலவு. உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டி, அதற்கு மேல் ஒரு பெட்டி அதிகம் வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள். அடுத்த வருடம் அதே டைல்ஸ் கிடைக்காது. கிடைத்தாலும் நிறம் ஒத்துவராது. வாங்கும்போதே எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) எண் இருக்கிறதா என்று பாருங்கள். தரைக்குக் கண்ணாடி போல வழுக்கும் டைல்ஸ் வேண்டாம். மேட் வகையே போதும். மாமியார் நடக்கும் தரை அது.

பழைய தரைமேலேயே பசை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒட்டலாம், இடிக்கும் செலவு மிச்சமாகும். ஆனால் ஒரு நாணயத்தால் பழைய டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கேட்டால் அதன்மேல் ஒட்டக்கூடாது. தரையும் அரை அங்குலம் உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் சுவர் ஈரம் இருப்பதால் சுவரில் இந்தக் குறுக்கு வழி கூடாது, தரையில் வேண்டுமானால் பார்க்கலாம். டைல்ஸ், பூச்சு வேலை, சிமென்ட், எம்-சாண்ட், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 35 ஆயிரம். ஒரு நல்ல செய்தி, 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. உங்களுக்குத் தேவைப்படும் ஏழெட்டு மூட்டையில் அது பெரிய தொகையில்லைதான்.

மேடைதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய வீடுகளில் மேடை 30 அங்குல உயரத்தில் இருக்கும். கீழே உட்கார்ந்து சமைத்துப் பழகிய தலைமுறைக்கு அதுவே உயரமாகத் தெரிந்திருக்கலாம். நின்று சமைப்பவருக்கு அது இடுப்பு வலி. கையை மடக்கி நில்லுங்கள். முழங்கையிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழே மேடை வர வேண்டும். ஐந்தடி இரண்டங்குலம் உயரமுள்ளவருக்கு 33 அங்குலம் சரியாக இருக்கும். இதற்காக மேடை முழுவதையும் இடிக்கத் தேவையில்லை. மேலே உள்ள கிரானைட்டை மட்டும் உடையாமல் பெயர்த்துவிட்டு, கீழேயுள்ள தாங்கு சுவர்களின்மேல் ஒரு வரிசைச் செங்கல் வைத்தால் அதுவே மூன்று அங்குலம். அதன்மேல் புது கிரானைட். மூலையை ஒரே முறை எண்ணினால் 16 அடி நீளம், இரண்டடி அகலம், ஆக 32 சதுர அடி. ஓரப்பட்டியும் வீணாவதும் சேர்த்து 40 சதுர அடி வாங்க வேண்டும். நல்ல கறுப்பு கிரானைட், விளிம்பு வளைப்பு, சிங்க்குக்கு வெட்டு, பதிக்கும் கூலி, செங்கல் வேலை என்று 25 ஆயிரத்துக்குள் முடியும். வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை படத்தில் அழகாக இருக்கும். ஆனால் கடாயை அடுப்பிலிருந்து இறக்கி நேரே மேடையில் வைப்பது நம் பழக்கம். குவார்ட்ஸில் கல் தூளைப் பிடித்து வைத்திருப்பது பிசின். சூடு தாங்காது. மஞ்சள் கறையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்த்தெடுத்த பழைய கிரானைட்டை மேஸ்திரி தூக்கிக்கொண்டு போக விடாதீர்கள். அதில் மூன்றடித் துண்டு ஒன்றை வெட்டி, ஜன்னலோரச் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, 28 அங்குல உயரத்தில் பதியுங்கள். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்க, கீரை ஆய, மாமியாருக்கு அது இடம். செலவு மூவாயிரம். கடைக்காரர் காட்டிய படத்தில் இருக்கும் எந்த ஆடம்பரமும் அவருக்கு இந்த அளவு உதவாது.

சிங்க், குழாய் இரண்டுக்கும் 10 ஆயிரம். சிங்க் எளிதில் துருப்பிடிக்காத 304 தர ஸ்டீலாக இருக்க வேண்டும். கடையில் காந்தத்தை வைத்து ‘பாருங்கள், ஒட்டவில்லை, அசல் 304’ என்று வித்தை காட்டுவார்கள். மலிவான 202 ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. தரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொன்னால் பேச்சு மாறும்.

அடுத்தது மரவேலை. உங்கள் பணம் அதிகமாகக் கசியக்கூடிய இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். சதுர அடிக்கு 1,500 என்று ஆசாரி சொல்வார். எதை அளந்து சதுர அடி என்கிறார் என்பதுதான் கேள்வி. சுவர் ஓரமாக அளந்தால் பத்தும் எட்டும் பதினெட்டு அடி. தரையிலிருந்து மேடைவரை 33 அங்குலம், அதாவது 2.75 அடி. பெருக்கினால் 49.5 சதுர அடி, 74,250 ரூபாய். ஆனால் மூலையில் இரண்டு மேடைகளும் சேரும் இடத்தில் கதவே கிடையாது. கதவு வரும் முகப்பை மட்டும் அளந்தால் எட்டும் ஆறும் பதினான்கு அடி. உயரத்திலும் மேலே கிரானைட் ஒரு அங்குலம், அடியில் கால்பட்டி நான்கு அங்குலம் கழிந்து 28 அங்குலம்தான் கதவு. இப்போது பெருக்குங்கள், 32.7 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய 49 ஆயிரம். ஒரே வேலை, ஒரே விலை, அளக்கும் நாடா மாறியதில் 25 ஆயிரம் வித்தியாசம். ஆசாரி ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. மூலைப் பெட்டிக்கும் பலகை ஆகும், அதற்கு அவர் ஏதாவது கேட்பது நியாயம். எப்படி அளப்பது என்பதை விலை பேசும் முன்பே பேசிவிட வேண்டும் என்கிறேன். ரன்னிங் அடிக்கு, அதாவது நீளத்தை மட்டும் அளந்து அடிக்கு, இவ்வளவு என்று சொல்லும் கடைகளிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் 49 ஆயிரமும் தேவையில்லை. கடப்பா கல் தட்டுகளை ஏன் உடைக்க வேண்டும்? கரையான் தின்னாது, தண்ணீரில் ஊறாது, இருபது கிலோ அரிசி டப்பாவை வைத்தாலும் வளையாது. அதற்கு ஈடான பலகை எந்தக் கடையிலும் இல்லை. கல்லைச் சுத்தம் செய்து, முகப்பில் மட்டும் சட்டமும் கதவும் போடுங்கள். சட்டமும் கதவும் மட்டும் என்றால் சதுர அடிக்கு 900 அளவில் பேசலாம், மொத்தம் 30 ஆயிரம் ஆகும். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு இடத்திலும் சிங்க்குக்குப் பக்கத்தில் ஓரிடத்திலும் மட்டும் கல் தட்டை எடுத்துவிட்டு, இழுக்கும் டிராயர்களைப் பொருத்துங்கள். குனிந்து, உள்ளே கைவிட்டுத் துழாவுவதுதான் முழங்காலைக் கொல்லும். அன்றாடப் பாத்திரமும் மளிகையும் டிராயருக்கு வந்துவிட்டால் மாமியாருக்கு மட்டுமில்லை, இருபது வருடம் கழித்து உங்களுக்கும் நல்லது. டிராயருக்கு 25 ஆயிரம். ஆக, கீழ்ப்பகுதி மொத்தம் 55 ஆயிரம்.

பலகைக்கு ஒரு குறிப்பு. பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்க வேண்டும். கொதிநீரையும் தாங்கும் வகை அது. ஐ.எஸ். 303 முத்திரையுள்ளது பொதுப் பயன்பாட்டுக்கானது, ஹாலில் டி.வி. அலமாரிக்கு அது போதும். முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் உரிமம் யாருடையது, செல்லுபடியாகிறதா என்று காட்டிவிடும். பலகை வந்து இறங்கியதும், மைக்கா ஒட்டுவதற்கு முன்பே, இதைச் செய்யுங்கள். ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒன்றுபோலத்தான் தெரியும். கதவின் உட்புறமும் மைக்கா ஒட்ட வேண்டும், வெறும் பெயின்ட் கூடாது. சிலிண்டர் வைக்கும் பெட்டிக் கதவில் அடிப்பக்கமாகக் காற்றுத் துளைகள் வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் வேண்டாம்.

தலைக்கு மேல் அலமாரி ஆறடி நீளத்துக்கு ஒன்று மட்டும் போதும், 20 ஆயிரம். பரணுக்கு மூடி இப்போது வேண்டாம். அதற்கே நாற்பதாயிரம் கேட்பார்கள். நல்ல துணியில் திரை தைத்துப் போட்டால் இரண்டு வருடம் ஓடும். சிம்னியையும் தள்ளிவைக்கலாம். ஆனால் அதற்கான ஆறு அங்குலத் துளையையும் பிளக்கையும் இப்போதே போட்டு மூடிவையுங்கள். டைல்ஸ் ஒட்டிய சுவரில் பிறகு துளையிட்டால் இரண்டு மூன்று டைல்ஸ் போகும். அதுவரைக்கும் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று. இரண்டுக்கும் 6 ஆயிரம்.

பெயின்ட் 10 ஆயிரம். இன்னொரு 10 ஆயிரம் சாப்பாட்டுக்கு. இதை யாரும் எழுதுவதே இல்லை. வேலை இருபத்தைந்து நாளாவது நடக்கும். நான்கு பேர் தினமும் இருவேளை வெளியில் வாங்கிச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் சிம்னி விலை போய்விடும். பின்கட்டிலோ பால்கனியிலோ ஒற்றை அடுப்பு, குக்கர், ஒரு வாளித் தண்ணீர் என்று தற்காலிகச் சமையலறை அமைத்துக்கொண்டால் இந்தத் தொகையில் சமாளிக்கலாம். பாத்திரம் கழுவுவது குளியலறையில்தான். முதல் வாரம் வேடிக்கையாக இருக்கும், மூன்றாவது வாரம் எல்லோருக்கும் எல்லோர்மேலும் கோபம் வரும்.

கூட்டிப் பாருங்கள். இடிப்பு 12, குழாய் 22, மின்வேலை 20, டைல்ஸும் பூச்சும் 35, மேடை 25, சிங்க் 10, கீழ்ப்பகுதி மரவேலை 55, மேல் அலமாரி 20, புகைப்போக்கி ஏற்பாடு 6, பெயின்ட் 10, சாப்பாடு 10. மொத்தம் 2 லட்சத்து 25 ஆயிரம். 3 லட்சத்தில் 15 சதவீதம், அதாவது 45 ஆயிரத்தை, எதிர்பாராததற்கென்று வேறு கணக்கில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று உடைக்கும்வரை யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு வீட்டில் சிங்க்குக்குப் பின்னால் சுவரே பாதிதான் இருந்தது. அது போக உங்களிடம் 30 ஆயிரம் மிச்சம். மூவாயிரத்தை மாமியாரின் கல்லுக்கு எடுத்துக்கொண்டு, மற்றதை வேலை முடியும்வரை தொடாதீர்கள். 45 ஆயிரமும் கரையாமல் இருந்தால் சிம்னி வாங்குங்கள், கரைந்திருந்தால் இந்த 27 ஆயிரம் இரண்டாவது அரண்.

அப்படியானால் கடன்? இந்தத் திட்டத்தில் தேவைப்படாது. கடையில் சொல்லும் ‘வட்டியில்லாத் தவணை’யில் நடைமுறைக் கட்டணம் என்று ஒன்று ஒளிந்திருக்கும், அதற்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள், அந்த வித்தியாசம்தான் உண்மையான வட்டி. வங்கியில் வீட்டுப் பராமரிப்புக் கடன் எடுத்தால், குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரி முறையில் வருடத்துக்கு 30 ஆயிரம்வரை வட்டிக் கழிவு உண்டு. புதிய முறைக்கு மாறியவர்களுக்கு அதுவும் இல்லை.

பணம் கொடுக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கடைகளில் பதிவுக்குப் பத்து சதவீதம், வரைபடத்தில் கையெழுத்திட்டதும் ஐம்பது, பொருள் கிளம்பும் முன் நாற்பது என்பார்கள். அதாவது உங்கள் வீட்டில் ஒரு திருகாணி ஏறும் முன்பே முழுப்பணமும் போய்விடும். தனி ஆட்களை வைத்துச் செய்வதில் மேற்பார்வைத் தலைவலி உண்டு, ஆனால் கயிறு உங்கள் கையில் இருக்கும். பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கூலியை முடிந்த வேலைக்கு வாராவாரம் கொடுங்கள். ஆசாரிக்கு மட்டும் பலகை இறங்கும் அன்று முன்பணம். எல்லோருக்கும் கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மாதம் நிறுத்திவைப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், ஒப்புக்கொள்வார்கள். கதவு தொங்கினால் திரும்பி வருவது அந்தப் பத்து சதவீதத்துக்காகத்தான்.

குழாயும் ஒயரும் போட்டு முடித்து, பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைப் பிடித்தபடி போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது தேவைப்படும். ஆசாரியை அளவெடுக்க அழைப்பது டைல்ஸும் கிரானைட்டும் முடிந்த பிறகுதான். அதற்கு முன் எடுத்த அளவில் செய்த கதவு கால் அங்குலமாவது இடிக்கும்.

ஆடி மாதத்துக்கு வருவோம். தாராளமாகச் செய்யலாம், செய்வது நல்லதும்கூட. புதுமனை வேலை எதுவும் தொடங்காத மாதம் என்பதால் கொத்தனாரும் ஆசாரியும் கையில் வேலையில்லாமல் இருப்பார்கள். கூலி பேசலாம், சொன்ன நாளில் வருவார்கள். சிங்க், ஃபேன், சிம்னிக்கெல்லாம் தள்ளுபடியும் நடக்கும். ஐப்பசி மழைக்கு முன் மரவேலை முடிந்துவிடும், கதவு ஈரத்தில் உப்பாது. மாமியார் சம்மதிக்கவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனிக் கடைசியில் அவரையே ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல்லி, கொத்தனாரை வரவழைத்து, சிங்க்குக்குப் பின்னால் ஈரம் பிடித்த சுவரில் ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்க்கச் சொல்லுங்கள். வேலை ஆனியிலேயே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. நான் பார்த்த மாமியார்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.